அணைவுத் துளியளவை: ஒரு முன்மொழிவு

வணக்கம் நண்பர்களே,

கரைசலில் இருக்கும் உலோக அயனியை, அதைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ (EDTA) என்ற வேதிப்பொருளைத் துளித்துளியாக விட்டு அளக்கும் முறைக்கு (complexometric titration) தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் பேச்சில் இதுவரை மூன்று பெயர்கள் வந்திருக்கின்றன: அணைவுமானத் தரம்பார்த்தல், சிக்கல் நியமிப்பு, கொடுக்கிணைப்பு அளவீடு. தருமபுரிப் பக்கம் தமிழ்வழி மாணவர்களுக்கு இந்தச் செய்முறையை நடத்துகிறவன் என்ற முறையில் நான்காவதாக ஒன்றை முன்வைக்கிறேன்: அணைவுத் துளியளவை.

'அணைவு' நிலைக்க வேண்டும். ஈழத்து நண்பர்களுக்கு 'சிக்கல்' பழகிய சொல், அவர்களுக்கு அதில் குழப்பமில்லை. இங்கே அணைவுச் சேர்மம் என்பது பாடநூல்களில் வேரூன்றிவிட்டது, பொருளும் கச்சிதமாகப் பொருந்துகிறது. இரண்டு நைட்ரஜன், நான்கு ஆக்சிஜன் என ஆறு இடங்களில் இடிடிஏ ஒரே கால்சியம் அயனியைச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. அது அணைப்பேதான்.

'கொடுக்கிணைப்பு' அழகான சொல் என்றாலும் இந்த இடத்துக்குக் குறுகியது. கொடுக்கு என்பது ஒரே மூலக்கூறு பல இடங்களில் அயனியைக் கவ்வுவது. வேதியியலாளர் லீபிக் 1851இல் சயனைடை வெள்ளி நைட்ரேட்டால் அளந்தார். அதில் அணைவு உண்டு, கொடுக்கு கிடையாது. வேதியியலாளர் ஷ்வார்சன்பாக் சூரிச்சில் இடிடிஏவை இந்த வேலைக்குக் கொண்டுவந்தது 1940களில்தான். இரண்டுக்கும் இடம் கொடுக்கிற பெயராக இருக்க வேண்டும்.

'மானம்' எதற்கு என்று புரியவில்லை. அளத்தல் என்ற பொருள் பின்பாதியிலேயே வந்துவிடுகிறது.

எனக்குப் பெரிய உறுத்தல் 'தரம்பார்த்தல்' மேல்தான். பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்திலிருந்து பிள்ளைகள் பாட்டிலில் போர் தண்ணீர் கொண்டு வருவார்கள். "தண்ணி நல்லதான்னு தரம் பாத்துச் சொல்லுங்க சார், அப்பா கேட்டார்" என்பார்கள். நாங்கள் பார்ப்பதோ கால்சியமும் மெக்னீசியமும் மட்டும், அதாவது தண்ணீரின் கடினத்தன்மை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரின் பெரிய தொல்லை ஃப்ளூரைடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். இடிடிஏவுக்கு ஃப்ளூரைடு தெரியாது. போதாக்குறைக்கு, கால்சியம் குறைவான தண்ணீரில்தான் ஃப்ளூரைடு அதிகம் கரைந்து நிற்கும், ஏனென்றால் கால்சியம் ஃப்ளூரைடு எளிதில் கரையாது. சோப்பு நன்றாக நுரைக்கிற, பருப்பு சீக்கிரம் வேகிற தண்ணீரே பல்லைக் கறையாக்கலாம். கடினத்தன்மை குறைவு என்று எழுதிக் கொடுத்தால், 'தரம் பார்த்தாச்சு' என்று வீட்டில் நிம்மதியாகக் குடிக்கத் தொடங்கிவிடுவார்கள். இப்படிப்பட்ட ஊரில் அந்தச் சொல்லை நான் மனதார உச்சரிக்க முடியவில்லை.

வேலையைக் கிட்டப் போய்ப் பார்த்தால் சொல் தானாகக் கிடைக்கிறது. கூம்புக் குடுவையில் 50 மில்லி தண்ணீர். பிஎச் மாறாமல் காக்கும் அம்மோனியா தாங்கல் கரைசல் ஊற்றினால் பிஎச் 10க்கு வரும், மூக்கும் எரியும். எரியோகுரோம் பிளாக் டி ஒரு சிட்டிகை போட்டால் ஒயின் சிவப்பு. அந்தச் சாயம் மெக்னீசியத்தைத் தளர்வாகப் பிடித்திருப்பதால் வரும் நிறம் அது. பியூரெட்டிலிருந்து (அளவுக்கோடுகள் போட்ட, அடியில் திருகு வைத்த கண்ணாடிக் குழாய்) இறங்கும் இடிடிஏ முதலில் கால்சியத்தை அணைக்கும், அப்புறம் மெக்னீசியத்தை, கடைசியில் சாயத்தின் பிடியில் இருக்கும் மெக்னீசியத்தையும் பறித்துக்கொள்ளும். பறிபோன நொடியில் கரைசல் நீலம். முடிவு நெருங்கும்போது வினை மெதுவாக நடக்கும், அதனால் வெள்ளை ஓட்டின் மேல் குடுவையைச் சுழற்றிக்கொண்டே ஒவ்வொரு துளியாக விட வேண்டும். ஊதா வந்ததும் நிறுத்துகிற மாணவர் அவசரக்காரர். சிவப்பின் சாயல் துளியும் இல்லாத நீலம் வேண்டும், அதை ஒரு துளிதான் தீர்மானிக்கும்.

படியால் அளப்பதைப் படியளத்தல் என்கிறோம். துளியால் அளப்பதைத் துளியளத்தல் என்று ஏன் சொல்லக் கூடாது? பெயராகத் துளியளவை, வினையாகத் துளியளந்தேன், ஆளைச் சொல்லத் துளியளப்பவர். வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "0.01 மோலார் இடிடிஏவால் துளியளந்ததில் 14 மில்லி செலவானது." 1 மில்லி இடிடிஏவுக்கு 1 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட், எடுத்தது 50 மில்லி தண்ணீர் என்பதால் கடினத்தன்மை லிட்டருக்கு 280 மில்லிகிராம். இந்தியத் தர நிர்ணயத்தின் ஏற்புடைய அளவு 200, வேறு நீராதாரம் இல்லாதபோது அனுமதி 600. வாக்கியம் எங்கும் இடறவில்லை.

பியூரெட்டில் படிப்பது கன அளவுதானே, துளியை யார் எண்ணுகிறார்கள் என்று கேட்கலாம். எண்ணுவதில்லை, சரிதான். ஆனால் அமில-காரம் முதல் அணைவு வரை இந்த முறைகள் எல்லாவற்றுக்கும் பொதுவானது துளித்துளியாக விடுவதும் ஒரு துளியில் நிறுத்துவதும். அமில-காரத் துளியளவை, வீழ்படிவுத் துளியளவை என்று மற்றவற்றுக்கும் நீட்டலாம். வெறும் 'அளவை' என்று விட்டால் வீழ்படிவு அளவை, வீழ்படிவை எடைபோடுவதோடு குழம்பும்.

கிளைச்சொற்களிலும் சோதித்தேன். அலுமினியம் இடிடிஏவோடு மெதுவாக வினைபுரிவதால், மிகையாக இடிடிஏ சேர்த்துச் சூடாக்கி, மிச்சத்தைத் துத்தநாகக் கரைசலால் அளப்போம். அது பின்துளியளவை. ஒன்றுக்குத்தான் இன்னும் திருப்தியான சொல் இல்லை: குறுக்கே வரும் உலோகத்தை வினையில் கலந்துகொள்ளாமல் கட்டிவைக்கச் சேர்க்கிறோமே, அந்தப் பொருள். 'மறைப்பி' என்று எழுதி வருகிறேன். இதைவிடப் பொருத்தமானது தோன்றினால் எழுதுங்கள்.