கற்பித்தல், எழுத்து, பனையோலை இழைப்பு: எதை விடுவது?

கேள்வி (ஆசிரியை, கிளிநொச்சி)

வணக்கம். இரணைமடுக் குளத்துக்கு அண்மையிலுள்ள கிராமமொன்றில் தமிழ் கற்பிக்கிறேன். பிற்பகலில் வீடு திரும்பியபின் அம்மம்மாவிடம் பழகிய பனையோலை இழைப்பைத் தொடர்வதும், இரவில் சிறுகதை எழுதுவதும் என் வழக்கம். பெட்டிகளில் நான் இழைக்கும் கோலங்கள் பெரும்பாலும் குளத்தின் அலைகரையில் கண்டவை: மருதமரப் பட்டை உரிந்த தோற்றம், சேற்றில் நாரைகள் விட்டுச்செல்லும் காலடிகள். இப்போது மூன்று வேலைகளும் ஒன்றையொன்று நெருக்குகின்றன. சென்ற கார்த்திகையில் ஒரு கட்டு ஓலை முழுவதும் பூஞ்சணம் பிடித்துவிட்டது. அதே மாதத்தில் தொடங்கிய கதையும் நின்றுபோனது. ஒன்றை விட்டுவிடும்படி வீட்டில் சொல்கிறார்கள். எதை விடுவதென்று எனக்குத் தெரியவில்லை.

மறுமொழி (இழைப்புத் தொழில் செய்பவர், முல்லைத்தீவு)

மகள், எதையும் விட வேண்டாம். வேலை செய்யும் காலத்தை மாற்றுங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை பெய்யும் நம் மண்ணில் கார்த்திகையில் ஓலை காயாது. ஆடி, ஆவணியில் குருத்து வெட்டுவித்து, நல்ல வெயிலில் உலர்த்தி, ஈர்க்கு நீக்கிச் சுருட்டி அடுப்படிப் பரணில் வைத்துவிடுங்கள். இழைப்பதற்கோ நேர்மாறாகச் சற்று ஈரம் வேண்டும்: வெயிலேறினால் ஓலை வெடிக்கும், விடியற்காலைப் பனியில் வளைந்து கொடுக்கும். ஆகவே பள்ளிக்குப் புறப்படுமுன் ஒரு மணிநேரம் இழையுங்கள். மாலை எழுத்துக்குக் கிடைக்கும். ஒரு மரம் மாதத்துக்கு ஏறத்தாழ ஓர் ஓலையே விரிப்பதால், ஒரே மரத்தில் அடுத்தடுத்துக் குருத்து எடுத்தால் அது தளர்ந்துவிடும். போரில் தலையிழந்து நின்ற பனைகளைப் பார்த்த உங்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

மறுமொழி (ஓய்வுபெற்ற ஆசிரியர், வவுனியா)

முல்லைத்தீவு அம்மா சொன்னது சரி. நான் வகுப்பறையைப் பற்றிச் சொல்கிறேன். முன்னோர் ஏடெழுதியதும் இதே பனையோலையில்தான். தரம் 9 மாணவர்களுடன் ஓலையை அவித்து உலர்த்தி, எழுத்தாணி கிடைக்காமையால் கூரான இரும்பாணியால் கீறி, கரி பூசித் துடைத்துப் பார்த்தோம். புள்ளி வைத்தவர்களின் ஓலை அந்த இடத்தில் பொத்துப்போயிற்று. பழைய சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி ஏன் இடப்படவில்லை என்பதை நான் விளக்குமுன்பே பிள்ளைகள் தங்கள் கையால் அறிந்துகொண்டார்கள். முப்பது ஆண்டுப் பணியில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி தந்த பாடவேளைகள் சிலவே. பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியை இழைக்கும் முறையைக் கட்டுரையாக எழுதச் சொல்லியும் பாருங்கள். அதை வாசித்து மற்றொரு மாணவர் இழைக்க முடிந்தால் மட்டுமே முழுப் புள்ளிகளையும் கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்

அம்மாவுக்கும் ஐயாவுக்கும் நன்றி. ஆடியில் குருத்தெடுக்கக்கூடிய மரங்களை இப்போதே குறித்து வைக்கிறேன். வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளையைக் கட்டுரைக்கு ஒதுக்குகிறேன். நின்றுபோன கதையில் பெட்டி இழைக்கும் ஒரு முதியவள் வருகிறாள். அவள் நண்பகலில் முற்றத்து வெயிலில் இருந்து இழைப்பதாக எழுதியிருந்தேன். அதை விடியற்காலைக்கு மாற்றி, அங்கிருந்து மறுபடி தொடங்கப் போகிறேன்.