சோனி ஏ7 மார்க் 3 போதுமா, மார்க் 4க்கு மாறலாமா?

வணக்கம் நண்பர்களே. கையில் இருப்பது 2018இல் வந்த சோனி ஏ7 மார்க் 3 கேமரா, கூடவே 200-600 மி.மீ. லென்ஸ். பள்ளிக்கரணைப் பக்கம் பறவைகள் எடுப்பதுதான் முக்கிய வேலை. விலங்கின் கண்ணைத் தானாகக் கண்டுபிடித்து ஃபோகஸ் செய்யும் வசதி இதில் நாய், பூனைக்குச் சரி, பறவைக்கு இல்லை. சும்மா நிற்கும் நாரை என்றால் கவலையில்லை. அதுவே கோரைப்புல்லுக்கு முன்னால் சட்டென்று எழும்பினால், ஃபோகஸ் புள்ளியை வைத்துக்கொண்டு நானேதான் துரத்த வேண்டும்.

மார்க் 4இல் பறவைக் கண்ணையே பிடிக்கும் வசதி உண்டு. 33 மெகாபிக்சல் என்பதால் கொஞ்சம் தாராளமாக கிராப் செய்யலாம். ஆனால் வேகம் இதேபோல நொடிக்கு 10 படம்தான், அதுவும் கம்ப்ரெஸ் செய்யாத ரா (சென்சார் பதிவு செய்த தரவு அப்படியே இருக்கும் கோப்பு) வைத்தால் 6 அளவுக்கு இறங்கிவிடும். வீடியோ எடுப்பதில்லை, அதனால் கூடுதல் நிற நுணுக்கம் தரும் 10 பிட் வீடியோ எல்லாம் எனக்கு வேண்டாத செலவு.

இரண்டையும் வைத்திருந்தவர்கள் சொல்லுங்கள்: பறக்கும் பறவையில் வித்தியாசம் கண்கூடாகத் தெரிகிறதா? இல்லை, சிறிய சென்சாரில் இதே லென்ஸ் 900 மி.மீ. போல எட்டும் என்பதால் சோனியின் ஏ6700 கேமரா வாங்குவது புத்திசாலித்தனமா? அதிகாலை மங்கல் வெளிச்சத்தில் அதன் நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான இரைச்சல்) எப்படி? முடிந்தால் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் அளவு) 3200இல் எடுத்த படம் ஒன்று போடுங்கள்.