கனடா மத்திய அரசு ஐடி வேலையை விட்டுத் தனியாருக்குப் போகலாமா?

சேர்ந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது, தனியாரில் நல்ல சம்பளத்துக்கு ஆஃபர் வந்திருக்கிறது என்கிறீர்கள். போங்கள், தப்பே இல்லை. ஆனால் தேதி பார்த்துப் போங்கள்.

முதலில் பென்ஷன். இரண்டு வருஷ சேவை முடியும் முன் விலகினால், நீங்கள் கட்டிய பணம் வட்டியோடு திரும்பி வரும். அரசு தன் பங்காகப் போட்டது உங்களுக்கு வராது. இரண்டு வருஷம் தாண்டிவிட்டால் கதை வேறு. 65 வயதில் பென்ஷன் வாங்கிக்கொள்ளலாம், அது விலைவாசியோடு ஏறும். 55 வயதுக்குள் விலகுகிறவர்கள் அதன் இன்றைய மதிப்பை வேறு ஓய்வூதியக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளவும் வழியுண்டு. இன்னும் சில வாரங்கள்தான் பாக்கி என்றால், சேரும் தேதியைத் தள்ளித்தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் என்ன வெட்கம்?

அடுத்தது இ.ஐ., அதாவது வேலை போனால் அரசு தரும் வேலையிழப்புக் காப்பீட்டுப் பணம். நம் ஆட்கள் பலர் கோட்டைவிடுவது இங்கேதான். தகுந்த காரணமின்றி நீங்களே ராஜினாமா செய்தால், அதுவரை உழைத்த மணிகள் கணக்கில் வராது. புதிய இடத்தில் முதலிலிருந்து சேர்க்க வேண்டும். இ.ஐ. கிடைக்கத் தேவையான மணிகள் ஊருக்கு ஊர் மாறினாலும் வழக்கமான கணக்கு 420 முதல் 700 வரை. 700 என்றால், வாரம் 37.5 மணி வேலையில் கிட்டத்தட்ட நாலரை மாதம். அதற்குள் லேஆஃப் வந்தால் இ.ஐ. கிடையாது. ஒன்டாரியோவில் முதல் மூன்று மாதத்துக்குள் அனுப்பினால் சட்டப்படி நோட்டீஸும் தர வேண்டியதில்லை. ஆகவே நாலைந்து மாத வீட்டுச் செலவு கையில் இருக்கட்டும். ஆஃபர் கடிதத்தில் சம்பளத்தைப் படிக்கிற ஆர்வத்தோடு டெர்மினேஷன் (வேலையை விட்டு நீக்குவது) பத்தியையும் படியுங்கள்.

ஆள்குறைப்புப் பேச்சைக் கேட்டுப் பயந்து ஓட வேண்டாம். நிரந்தர ஊழியர் பதவியை அரசே எடுத்தால் இழப்பீடு, மறுநியமன முன்னுரிமை என்று சில இருக்கின்றன; தானாக விலகியவருக்கு அவை இல்லை.

திரும்பி வரலாமா? கதவு திறந்துதான் இருக்கிறது. 2021 முதல் பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) உள்ளவர்களுக்கும் அரசு வேலைத் தேர்வில் குடிமக்களுக்கு இணையான முன்னுரிமை உண்டு. ஆனால் பெரும்பாலும் மறுபடி போட்டியில் நின்றுதான் உள்ளே வர வேண்டும், ஆள்குறைப்புக் காலத்தில் அது லேசில்லை. டீம் லீட் மாதிரி பதவிக்குப் பல இடங்களில் பிரெஞ்சும் கேட்பார்கள். அந்தப் பிரெஞ்சுக்கு மல்லுக்கட்டப் பிடிக்காதவர்களுக்குத் தனியார்தான் சரி என்பது என் கருத்து.

அப்புறம், புதிய நிறுவனத்தின் பின்னணிச் சரிபார்ப்பு முடிந்து, நிபந்தனை எதுவும் பாக்கியில்லை என்று எழுத்தில் வந்த பிறகே மேனேஜரிடம் வாயைத் திறங்கள்.