மூண்டு பிள்ளையளுக்குப் புற்றுநோய்: முதல் கிணறா, கணக்கா?

குளக்கட்டு:
வன்னியில் ஒரு கிராம அலுவலர் பிரிவு. 15 வயதுக்குக் கீழ் 500 பிள்ளையள் அளவில். 10 வருசத்தில் மூண்டு பேருக்குப் புற்றுநோய். எல்லா வீட்டிலயும் கிணத்துத் தண்ணிதான். உடன தண்ணியைப் பரிசோதிக்க வேணும்.

கணக்குப்பிள்ளை:
பொறுங்கோ. பத்து லட்சம் பிள்ளையளில் வருசம் 150 பேருக்கு வரும் எண்டு வைச்சால், உங்கட பிரிவுக்கு 10 வருசத்தில் 0.75. தற்செயலாய் மூண்டோ கூடவோ வர வாய்ப்பு 4 வீதம். நாட்டில் 14,000 பிரிவுகள் இருக்கு. எல்லாம் இதே அளவெண்டால் 500க்கு மேற்பட்ட இடங்களில் ஒரு காரணமும் இல்லாமலே இப்பிடி வரும். அதோட, மூண்டும் ஒரே நோயா? விழித்திரைப் புற்று மரபணுவால வாறது, அதை இரத்தப் புற்றோட சேர்த்து எண்ணேலாது.

குளக்கட்டு:
அந்த மூண்டே சரியான எண்ணிக்கையோ? மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போற சனம் யாழ்ப்பாணத்து உறவினர் விலாசத்தைக் குடுக்கும். விடுபட்டது இரண்டு எண்டால் மொத்தம் ஐஞ்சு. அப்ப வாய்ப்பு ஆயிரத்தில் ஒண்டு!

கணக்குப்பிள்ளை:
அதுக்குத்தான் நோயாளர் பட்டியலை முதல் திருத்தச் சொல்லுறன். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, குடும்பநல உத்தியோகத்தரின்ர பதிவேடு, மரணப் பதிவு மூண்டையும் ஒப்பிடுங்கோ. நோய் வகையை என்புமச்சை அல்லது இழையப் பரிசோதனை அறிக்கையில் பாருங்கோ. தாய் கர்ப்பமாய் இருந்த காலத்து விலாசமும் வேணும். 2009இல் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்த தாய்க்கு இப்பத்தைய கிணறு பொருந்தாது.

வயல்வெளி:
அமெரிக்காவில், ஃபாலன் எண்ட பட்டினத்தில் 16 பிள்ளையளுக்கு இரத்தப் புற்று. தண்ணி, இரத்தம், சிறுநீர் எல்லாம் சோதிச்சும் காரணம் பிடிபடேல்லை. அங்க வோபர்ன் எண்ட இன்னொரு பட்டினத்திலயும் பிள்ளையளுக்கு இரத்தப் புற்று; 1979இல் மூடின இரண்டு கிணத்திலயும் ட்ரைகுளோரோஎதிலீன் எண்ட தொழிற்சாலைக் கரைப்பான் இருந்தது. கிணத்தைப் பார்த்தபடியால்தான் அது தெரிஞ்சது.

கணக்குப்பிள்ளை:
பார்க்கிறதெண்டால் ஒழுங்காய்ப் பாருங்கோ. சோடாப் போத்தலில் அள்ளிக் குடுத்தால், ட்ரைகுளோரோஎதிலீன் போல ஆவியாகிற சாமான் வழியிலேயே போயிடும். அதுக்கு 40 மில்லிலீற்றர் கண்ணாடிக் குப்பி, காத்துக் குமிழி ஒண்டும் நிக்கக் கூடாது. பூச்சிகொல்லிக்கு மண்ணிறக் கண்ணாடிப் போத்தல், 1 லீற்றர். உலோகத்துக்கு நைத்திரிக் அமிலம் விட்டு பிஎச் (அமில அளவு) 2க்குக் கீழ கொண்டுவர வேணும். பசளையால தண்ணியில சேருற நைத்திரேற்று எண்டால் ஐஸில் வைச்சு 48 மணித்தியாலத்துக்குள்ள ஆய்வுகூடம் போகவேணும். இதுகளோட போனாலும், இண்டைக்கு அள்ளுற தண்ணி எட்டு வருசத்துக்கு முந்தின தண்ணியைக் காட்டாது.

குளக்கட்டு:
காட்டாட்டிலும் பரவாயில்லை. நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல நிண்டால் அந்தத் தண்ணியில் குழந்தைக்குப் பால்மா கரைக்கக் கூடாது. புற்றுநோயோட சம்பந்தமோ இல்லையோ, அதைத் தெரிஞ்சுகொள்ள உங்கட பட்டியல் முடியும்வரை ஏன் காத்திருக்க வேணும்?

கணக்குப்பிள்ளை:
நைத்திரேற்றுக்கு அள்ளுங்கோ, அதில் சண்டை இல்லை. மாரி முடிய ஒருக்கா, ஆவணியில ஒருக்கா. ஆனால் பரிசோதனை கேட்டு நீங்கள் குடுக்கிற மனுவில் "புற்றுநோய்க் கிணறு" எண்டு மட்டும் எழுதாதேங்கோ.