மறு: கிளைமேட் ரெஸ்பான்சிவ் கட்டடம் – தமிழில் என்ன சொல்லலாம்?

> சூழலுணர் கட்டடம் என்று வைத்தால் என்ன?

ஐயா, வணக்கம். சொல் அழகுதான். ஆனால் உணரி என்றாலே இப்போது சென்சார். 'சூழலுணர்' என்றதும் ஆளில்லாதபோது தானே விளக்கணைக்கும் கட்டடம்தான் நினைவுக்கு வரும். 'துலங்கல்' பள்ளிப்பாடத்தில் தூண்டலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. 'பசுமைக் கட்டடம்' வேறு கணக்கு. மின்சாரம், தண்ணீர், கட்டுமானப் பொருள் என்று எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடுவது.

நாம் பெயர் தேடுவது, நிற்கும் இடத்தின் வெயில், காற்று, மழை, மண் பார்த்து வடிவம் எடுத்த கட்டடத்துக்கு. கும்பகோணத்தில் நான் வேலை பார்க்கும் அலுவலகம் இதற்கு நேர் எதிர். மேற்கு முகம் முழுக்கக் கண்ணாடி. மூன்று மணிக்குத் திரையை இழுத்துவிட்டு, பட்டப்பகலில் டியூப்லைட் போட்டு உட்கார்ந்திருக்கிறோம். மாடிப்படியையும் கழிப்பறையையும் அந்தப் பக்கம் தள்ளியிருந்தால் வெயிலை அவை வாங்கிக்கொண்டிருக்கும். வடக்கு ஜன்னல்களுக்கு சன்ஷேடே இல்லை. குளிர்நாட்டுப் புத்தகம் பார்த்து வரைந்தார்கள் போல. நம் ஊர் ஏறக்குறைய 11 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் பிற்பாதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பாதி வரை உச்சிச்சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கும். ஐப்பசியில் வாடைச் சாரலும் அங்கேதான் அடிக்கும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். எங்கள் பழைய வீட்டில் ஓடு மாற்ற வந்த கொத்தனார் முற்றத்தில் நின்று தாழ்வாரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "காத்துக்கு வாகா கட்டியிருக்காங்க" என்றார். கைக்கு வாகு, காற்றுக்கு வாகு. அப்படியானால் 'இடவாகு' கட்டடம்? (நடுவில் ஒற்று மிகாது, நெடில்தொடர்க் குற்றியலுகரம். யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்.)

> இடவாகு என்றால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வசதியாக இருக்கிறது என்று படிக்க மாட்டார்களா? மன்னார்குடிப் பக்கம் அப்படித்தான் எடுத்துக்கொள்வோம். 'சூழல்வாகு' தேவலை.

நியாயம்தான். ஆனால் 'சூழல்' என்றால் பேச்சு வெயில், காற்றோடு நின்றுவிடுகிறது. கோடையில் வெடித்து மழையில் உப்பும் நம் களிமண்ணுக்குக் கடைக்கால் எவ்வளவு ஆழம், தளம் எவ்வளவு உயரம் என்பதும் இதில் சேர்ந்ததுதானே? 'மனைவாகு' எப்படி? மனை என்பது பட்டா எழுதுகிறவரும் கடைக்கால் தோண்டுகிறவரும் தினமும் புழங்கும் சொல்.

> மனைவாகு வடிவமைப்பு, மனைவாகு அலுவலகம். ஒத்துக்கொள்கிறேன். வாஸ்துக்காரர்கள் கண்ணில் படாமல் இருந்தால் சரி.