தீபா கர்மாகர் கட்டுரைக்குத் தமிழ் மேற்கோள் தேவை

வணக்கம். தமிழ் விக்கிப்பீடியாவில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை தீபா கர்மாகரின் கட்டுரையை விரிவாக்கி வருகிறேன். 2016 ரியோ ஒலிம்பிக்கில் வால்ட் (ஓடிவந்து மேசை போன்ற கருவியைத் தாண்டும் பிரிவு) இறுதிச்சுற்றில் 15.066 புள்ளிகளுடன் நான்காமிடம் பெற்றது வரை சிக்கலில்லை. 2024 மே 26 அன்று தாஷ்கண்டில் அதே பிரிவில் 13.566 புள்ளிகளுடன், ஆசிய ஜிம்னாஸ்டிக்ஸ் சாம்பியன்ஷிப்பில் தங்கம் வென்ற முதல் இந்தியரானார் என்ற பத்தியில்தான், நான் இணைத்திருந்த தமிழ்ச் செய்தியின் சுட்டி செயலிழந்து, ‘மேற்கோள் தேவை’ (அதாவது, தகவலுக்குச் சான்று தேவை) என்ற குறிப்பு விழுந்துவிட்டது.

பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் இணைய ஆவணகத்தில் அப்பக்கம் சேமிக்கப்படவில்லை. செய்தித்தளத்துக்கு அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதிலில்லை. லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டருகே உள்ள நூலகத்தில் அந்த வாரத்து நாளிதழ்க் கட்டு கிடைத்தும், விளையாட்டுப் பக்கம் மட்டும் கத்தரிக்கப்பட்டிருந்தது. ஆங்கிலச் செய்திகள் ஏராளம். ஆனால் தமிழில் படிப்பவர் சரிபார்க்கத் தமிழ் மேற்கோளே உதவும் என்பது என் கருத்து.

2024 மே 27 நாளிட்ட தமிழ் நாளிதழ் ஏதேனும் ஒன்றின் விளையாட்டுப் பக்கம், இதழின் பெயரும் பக்க எண்ணும் தெரியும்படி, கடலூர், புதுச்சேரி அன்பர்கள் யாரிடமாவது இருக்கிறதா?