தொட்டியில் குட்டைத் தக்காளி: எந்த ரகம், எவ்வளவு பெரிய தொட்டி?

கேள்வி:
வணக்கம். எங்கள் வீட்டுப் பால்கனியில் தொட்டிகள் வைக்க ஓரடி அகலமுள்ள இடமே இருக்கிறது. காலை முதல் நண்பகல் வரை நல்ல வெயில் விழுகிறது. பத்து லிட்டர் வாளியில் வளரும் தக்காளிச் செடி கைப்பிடிச் சுவரையும் தாண்டி உயர்ந்துவிட்டது. இலைகள் கரும்பச்சையாகச் செழித்திருந்தாலும், பூக்களில் பெரும்பகுதி உதிர்ந்துவிடுகிறது. பிடித்த சில காய்களின் அடிப்பாகமும் கறுத்துத் தோல்போல் இறுகிவிட்டது. தொட்டியை மாற்ற வேண்டுமா, ரகத்தையே மாற்ற வேண்டுமா?

மறுமொழி 1:
முதலில் மாற்ற வேண்டியது ரகம். உங்களிடம் இருப்பது நுனி வளர்ச்சி நிற்காமல் நீண்டுகொண்டே போகும் வகையாகத் தெரிகிறது. அதை எவ்வளவு கத்தரித்தாலும் சிறு தொட்டிக்குள் அடக்க முடியாது. ஒரு குறிப்பிட்ட உயரத்தில் பூங்கொத்துடன் தானாகவே வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் ரகங்களும், இயல்பிலேயே கணுக்கள் நெருங்கி அமைந்த குள்ள ரகங்களும்தான் உங்கள் இடத்துக்கு ஏற்றவை. ஃபுளோரிடா பல்கலைக்கழகம் 1989இல் வெளியிட்ட 'மைக்ரோ டாம்' 15 முதல் 20 செ.மீ. உயரமே வளரும், இரண்டு மூன்று லிட்டர் தொட்டி அதற்குப் போதும். ஆனால் சுவையை எதிர்பார்த்து அதை வளர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 'டைனி டிம்', 'ரெட் ராபின்' போன்றவை சற்றே பெரியவை, உண்பதற்கும் நல்லவை. அவற்றுக்கு நான்கைந்து லிட்டர் கொடுங்கள். பெரிய பழம் வேண்டுமானால் தடித்த தண்டும் சுருங்கிய இலைகளும் கொண்ட குள்ள ரகங்களைத் தேடுங்கள். அவற்றுக்கு இருபது லிட்டர் அளவுக்குத் தொட்டி தேவைப்படும். விதை உறையில் செடியின் உயரம் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்; 'செர்ரி' என்று எழுதியிருப்பது பழத்தின் அளவையே சொல்கிறது, பல செர்ரி ரகங்கள் ஆளுயரத்தைத் தாண்டி வளரக்கூடியவை.

மறுமொழி 2:
காயின் அடி கறுப்பது நோயன்று. வளரும் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வரும் குறைபாடு. அந்தச் சத்து வேர் உறிஞ்சும் நீரோடுதான் பயணம் செய்கிறது. நீரை அதிகம் ஆவியாக்கும் இலைகள் அதைத் தம் பக்கம் இழுத்துக்கொள்வதால், ஒருநாள் காய்ந்து மறுநாள் நனையும் தொட்டியில் முதலில் பாதிக்கப்படுவது காய்தான். மண்ணில் சத்து இருந்தும் இது வரும் என்பதால் முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவதால் உடனடிப் பயன் இல்லை. தொட்டியின் ஓரத்தைக் கவனித்துப் பாருங்கள்: கலவை அதிகம் காய்ந்து சுருங்கினால் அதற்கும் தொட்டிச் சுவருக்கும் நடுவே மெல்லிய இடைவெளி விழும், ஊற்றும் நீர் அதன் வழியே இறங்கி உடனே அடித்துளையில் வெளியேறும், நாம் நனைந்துவிட்டதாக நினைப்போம், வேர்ப்பகுதியோ காய்ந்தே கிடக்கும். அப்படியிருந்தால் தொட்டியை அரைமணி நேரம் நீர் நிரம்பிய பாத்திரத்தில் நிறுத்தி, கலவை முழுவதும் ஊறிய பிறகு எடுங்கள். தோட்டத்து மண்ணை மட்டும் நிரப்பாமல், தென்னை நார்க்கழிவும் நன்கு மட்கிய உரமும் கலந்து, மேலே சருகுகளைப் பரப்பினால் ஈரம் சீராக நிற்கும். கறுத்த காய்கள் இனித் தேறா, பறித்துவிடுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. நீங்கள் சொன்ன இடைவெளி தொட்டியில் இருக்கிறது. குள்ள ரகங்களிலும் பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட வேண்டுமா? பூ உதிர்வதும் நீரால்தானா?

மறுமொழி 3:
கிள்ள வேண்டாம். தானாக வளர்ச்சியை நிறுத்தும் ரகங்களில் பக்கக் கிளைகளின் நுனியிலும் காய் பிடிக்கும். கிள்ளினால் விளைச்சல்தான் குறையும். மண்ணைத் தொடும் இலைகளை மட்டும் நீக்குங்கள்.

பூ உதிர்வதற்கு நீர்த் தட்டுப்பாடும் ஒரு காரணம்தான். எனினும் இலைகள் கரும்பச்சையாக இருப்பதைப் பார்த்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்திருக்கலாம் என்றே தோன்றுகிறது. மொட்டு விட்ட பின் அதைக் குறைத்து, சாம்பல் சத்து (பொட்டாசியம்) மிகுந்த உரத்துக்கு மாறுங்கள். பகல் வெப்பம் 32 பாகை செல்சியஸைத் தாண்டி, இரவும் குளிராமலிருந்தால் மகரந்தம் வீரியமிழந்து, காம்பின் நடுவிலுள்ள மூட்டில் பூ ஒடிந்து விழும். அத்தகைய நாள்களில் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. மற்ற நாள்களில் முற்பகலில் பூங்கொத்தின் காம்பை விரலால் மெதுவாகச் சுண்டிவிடுங்கள். தக்காளிப் பூ தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும் என்றாலும், காற்று அடைபட்ட பால்கனியில் அந்தச் சிறு அதிர்வு இல்லாமல் மகரந்தம் சரியாக உதிர்வதில்லை.